சைலன்சருக்கு மூன்று வேளை

அந்தத் தெருவில் மருந்துக்கடைக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முழுக்கோர்ஸ் என்றால்தான் தெரியும். ஐந்து நாள் மாத்திரை வாங்கிப் போய், காய்ச்சல் விட்டதும் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறவர்களைக் கண்டால் மனிதருக்குப் பற்றிக்கொண்டு வரும். "முழுக் கோர்ஸ் முடிக்கணும்னு சொன்னேனா இல்லையா?" என்று நாலு பேர் கேட்க வறுத்தெடுத்துவிடுவார். போன மாதம் அப்படி வறுபட்டவள் பெயிண்ட் கடை அக்கா.

இப்போது அந்த அக்காவின் கடைப் படியை அவரே ஏற வேண்டியதாகிவிட்டது. காரணம் அவருடைய மோட்டார் சைக்கிள். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. எஞ்சின் வெளிறிப்போய், சைலன்சரில் இருந்து துரு செதில் செதிலாக மனைவி கழுவிவிட்ட முற்றத்தில் தினமும் உதிரும். வெள்ளிக்கிழமை காலை அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என் தம்பி பழைய வண்டி வாங்குற ஒருத்தரைக் கூட்டிட்டு வரான். அதுக்குள்ள இது பார்க்கிற மாதிரி ஆச்சுன்னா யோசிக்கிறேன். இல்லைன்னா அவர் எடுத்துட்டுப் போகட்டும்."

வண்டி கைவிட்டுப் போய்விடுமோ என்று அவருக்கு உண்மையிலேயே பயம். சாப்பாடு கூட இறங்கவில்லை. நேராகப் பெயிண்ட் கடைக்குப் போனார்.

"கருப்பு ஸ்ப்ரே ஒரு டின் குடுங்க. எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் சேர்த்து."

அக்காவுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. விடுவாளா?

"தலைவலிக்கும் வயித்துவலிக்கும் நீங்க ஒரே மாத்திரையா குடுக்கிறீங்க?"

இரண்டு டின்களை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளை ஓர் எழுத்து விடாமல் படித்தார். ஒன்று முந்நூறு டிகிரி வரை தாங்கும். இன்னொன்று அறுநூற்று ஐம்பது.

"அப்ப பெரிய நம்பரையே ரெண்டுக்கும் அடிச்சிடலாமே. வீரியம் அதிகம்."

"அங்கதான் தப்பு பண்றீங்க. அது நல்லா சூடேறினாத்தான் இறுகும். சைலன்சர்ல அந்தச் சூடு வரும், எஞ்சின்ல வராது. அங்க அடிச்சா அரைகுறையாவே நிக்கும், பெட்ரோல் பட்டா கையோட வந்துடும். சின்ன நம்பர்தான் எஞ்சினுக்கு. எண்ணெய், பெட்ரோல் ரெண்டையும் தாங்கும்."

"சரி, அப்ப சின்ன நம்பரையே சைலன்சருக்கும்..."

"கருகிப் போயிடும். அடியில சாதா பிரைமரும் அடிச்சிடாதீங்க, அதுக்கும் அதே கதிதான். கம்பி பிரஷ்ல துருவைத் தேய்ச்சு, தின்னர்ல துடைச்சு, மெல்லிசா மூணு கோட்டு. காய்ஞ்சதும் எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட விட்டு ஆற விடுங்க. அப்புறம் இருபது நிமிஷம், மறுபடி ஆறணும். கடைசியா அரை மணி. மூணு வேளையும் முடியிற வரைக்கும் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. எழுதித் தரவா?"

"இருபது வருஷமா ஊருக்கே எழுதித் தர்றவன் நான். எனக்கா?"

சனிக்கிழமை கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்தார். பிளக்கை டேப்பால் மூடி, டயருக்குப் பேப்பர் சுற்றி, சைலன்சர் வாயில் துணி அடைத்து, கை ஆடாமல் அடித்தார். காய்ந்ததும் துணியை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டார். கிளம்பிய புகைக்கும் நாற்றத்துக்கும் மனைவி எல்லா ஜன்னல்களையும் சாத்தினாள். ஆறியதும் விரல் வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. கன்னங்கரேல் என்று கண்ணைப் பறித்தது. அதான் காய்ந்துவிட்டதே, இன்னும் எதற்கு? காய்ச்சல் விட்டவனுக்குத் தோன்றுவதும் இதேதான். அது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

பெயிண்ட் கடை அக்காவிடம் காட்டாமல் இருக்க முடியுமா? வண்டியை எடுத்தார். நேரே போனால் இரண்டு நிமிடம். மனிதர் நாலு தெரு சுற்றி, மேட்டில் முறுக்கி, அரை மணி கழித்துப் போய் இறங்கினார். சைலன்சர் வளைவெல்லாம் கொப்புளம். கால்சட்டையின் வலது காலில் முழ நீளத்துக்குக் கருப்புப் பட்டை.

அக்கா வெளியே வந்து பார்த்தாள்.

"எத்தனை வேளை குடுத்தீங்க?"

"ஒண்ணு."

"நல்லாயிடுச்சுன்னு நீங்களே நிறுத்திட்டீங்க."

கடைக்குள் நாலு பேர் நின்றிருந்தார்கள். விளக்கு வைப்பதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சைலன்சரைச் சுரண்டி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வேளையும் கொடுத்து முடித்தார். ஒரு கொப்புளம் இல்லை. சாயங்காலம் மச்சான் கூட்டிவந்த ஆள் வண்டியை மூன்று சுற்று சுற்றி வந்தார்.

"பழசுன்னு சொன்னாங்க, புதுசு மாதிரி இருக்கே! இப்பவே எடுத்துக்கிறேன்."

முழுக்கோர்ஸுக்குப் பகீரென்றது. அழகுபடுத்தியதே வினையாகிவிட்டது. மனைவியைப் பார்த்தார்.

"யோசிக்கிறேன்னுதானே சொன்னேன்?" என்றாள் அவள், யோசிக்கிற முகமே இல்லாமல்.

"குறை ஏதாவது இருக்கா சார்?" என்றார் வந்தவர், சும்மா ஒரு பேச்சுக்கு.

அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒளிவு மறைவில்லாம சொல்லிடறேன். முன் பிரேக் பாதிதான் பிடிக்கும். மழையில நடுரோட்டுல நின்னுடும். மூணாவது கியர் தானா நழுவும். வளைவுல பின் சக்கரம் கொஞ்சம் வழுக்கும். குழியில இறங்கினா லைட் அணையும், அடுத்த குழியில எரியும்."

வந்தவர் முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். மச்சான் பின்னாலேயே ஓடினான்.

முழுக்கோர்ஸ் வண்டியின் டேங்கைச் செல்லமாகத் தட்டிக் கொடுத்தார்.

"எல்லாம் புளுகுதானே?" என்றாள் மனைவி.

"ஒரு வார்த்தை கிடையாது. அத்தனையும் நிஜம்!" என்றார் பெருமையாக.

"எத்தனை நாளா இப்படி?"

"இருக்கும், ஒரு ரெண்டு வருஷம்."

அவள் வண்டியின் பின் சீட்டைப் பார்த்தாள்.

"போன மாசம் கொட்டுற மழையில, பாப்பாவை முன்னாடி வச்சு, என்னைப் பின்னாடி ஏத்திட்டு, ஆஸ்பத்திரிக்கு இதுலதானே போனோம்?"

இத்தனை நாளும் அவர் அதை அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. அவள் கையை நீட்டினாள். சாவியை வைத்தார்.

மறுநாள் காலை மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் கடைக்குப் போனார். பெயிண்ட் கடை வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டார்.

"கெட்டியா பிடிச்சுக்கோங்க," என்றாள் மனைவி. பிடித்துக்கொண்டார்.