வெள்ளிக்கிழமையானால் ஊமையாகும் செட்

புதுச் செட் வந்த அன்று பெட்டியைப் பிரிக்க என் மனைவி விடவில்லை.

"டிராக்டர் வந்தப்போ என்ன செய்தம்? நேரே பிள்ளையாரிட்டத்தானே கொண்டு போனம். இதுக்கும் அப்படித்தான். வையுங்க அங்கால."

அவள் சொன்னது சரிதான். எங்கள் வவுணதீவுப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளோ, வெட்டு மெசினோ, புதிதாக எது வந்தாலும் கோயிலுக்குப் போய்த் திருநீறும் சந்தனமும் வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். இது கையில் பிடித்துப் பேசுகிற அமெச்சூர் வானொலி. ஊரில் வோக்கி என்றால்தான் விளங்கும். படித்து, பரீட்சை எழுதி, லைசன்ஸ் எடுத்தவர்கள் மட்டுமே பேசலாம். சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வயலில் இறங்கியவன் நான். லைசன்ஸ் பரீட்சை எனக்கு இரண்டாம் தடவைதான் சரிவந்தது. அதுவும் பிள்ளையார் கூடவே வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியால் என்றே நம்புகிறேன்.

இந்த வயதில் இது எதற்கு என்று கேட்பீர்கள். போன மாரியில் வாவி பொங்கி எங்கள் ரோடு தண்ணீருக்குள் போய்விட்டது. கரண்ட் போனது. அதன் பின்னால் போன் கோபுரமும் செத்துப்போனது. எங்கள் ஒரே மகன் வாவிக்கு அங்கால், செங்கலடியில், கல்யாணம் முடித்த வீட்டில் இருக்கிறான். எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. தண்ணீர் வற்றும்வரை அவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு சொல் இந்தக் கரைக்கு வரவில்லை. என் மனைவி சாமி அறைக்கும் வாசலுக்குமாக நடந்த நடையைப் பார்த்து, தண்ணீர் வற்றியதும் முதல் வேலையாக நான் போய்ச் சேர்ந்தது இந்த வானொலி வகுப்பில்தான். ஆபத்து நேரத்தில் அடுத்தவர் செய்தியையும் இதில் சொல்லலாம் என்று படிப்பித்தவர் சொன்னது எனக்குப் போதும்.

என் மனைவிக்குப் போதவில்லை. அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"இந்த மாரிக்கு முன்னம் என்ட புள்ளைட செய்தி ஒண்டு இந்தச் சாமானால இந்த வீட்டுக்குள்ள வரட்டும். அப்பதான் நம்புவன். இல்லாட்டி வித்துப்போடுங்க. வீடு என்ட பேரில இரிக்கு, மறந்திராதங்க."

சீதன வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கோயிலில் பூசை செய்கிற ஐயா செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிராக்டருக்கு எங்கே பொட்டு வைப்பது என்று அவருக்குத் தெரியும். இதுதான் அவருக்குப் புதிது.

"இதுக்கு நெத்தி எங்க?" என்றார்.

நானும் பார்த்தேன். மேலே இலக்கம் தெரிகிற திரை. அதில் சந்தனம் பட்டால் இலக்கம் தெரியாது. கீழே ஒலி வருகிற கீறல்கள். அதற்குள் சந்தனம் போனால் சத்தம் கெடும். இரண்டுக்கும் நடுவில் ஓரமாக ஒரு வெறும் இடம் இருந்தது. அதில் ஊசி குத்தினதுபோல ஒரு சிறு பழுது. பிளாஸ்டிக் வார்த்தபோது விழுந்ததாக்கும், பொட்டு வைத்தால் அதுவும் மறையும் என்று அந்த இடத்தைக் காட்டினேன். ஐயா நல்ல தாராளமாக வைத்தார். தேசிக்காயைச் சக்கரத்துக்குக் கீழே வைப்பதுதான் வழக்கம். இதற்கு ஏது சக்கரம்? செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நானே என் குதிக்காலால் மிதித்து நசுக்கினேன். இதைச் சுமந்துகொண்டு திரியப்போகிற சக்கரம் நான்தானே.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் சாமிப் படங்களுக்குச் சந்தனம் வைக்கும்போது செட்டுக்கும் அதே இடத்தில் ஒரு பொட்டு வைத்து வந்தேன்.

ஒரே மாதிரிச் செட் எடுத்தவர்கள் நாங்கள் மூன்று பேர். ஒருவர் ஏறாவூரில் வலைக்கடை வைத்திருக்கிற காக்கா; எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடைக் கூரையில் உயரமான இரும்புக் குழாயில் ஏரியல் கட்டியிருப்பதால் நாலா பக்கமும் அவருக்குக் கேட்கும். மற்றவர் பாசிக்குடாவில் ஹோட்டல் ஒன்றில் மின்சார வேலை செய்கிற தம்பி. காக்கா அந்திக்கு மஃரிப் தொழுதுவிட்டு வருவார். நான் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வருவேன். தம்பி ஹோட்டல் மொட்டை மாடிக்கு ஏறுவார். அவரவர் அழைப்புக்குறியைச் சொல்லித் தொடங்குவோம். முதல் கிழமை முழுவதும் பேச்சு வேறொன்றுமில்லை, புதுச் செட்டின் பெருமைதான்.

"பற்றரி எண்டா பற்றரி! மூணு நாளா சார்ஜ் போடல்ல. ஓவர்," என்பார் காக்கா.

"எனக்கு இதுட டோர்ச்தான் புடிச்சிரிக்கு காக்கா. லைட் போன ரூமுக்குள்ள இதோடதான் போறன். ஓவர்," என்பார் தம்பி.

எனக்குப் பிடித்தது அதன் பாரம். கையில் எடுத்தால் தண்ணீர் நிறைந்த செம்பைப் பிடித்ததுபோல ஒரு நம்பிக்கை வரும். பிடிக்காததும் ஒன்று இருந்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளே இருந்து ஒரு பெண் குரல் சீன மொழியில் இலக்கம் சொல்லும். முதல் தடவை அது பேசியபோது அடுப்படியிலிருந்து என் மனைவி அகப்பையோடு வந்துவிட்டாள்.

"யாரது?"

"செட்டுக்குள்ள இரிக்கிற பிள்ளை. இலக்கம் சொல்லுது," என்று சிரித்தேன்.

"என்ன சொல்லுது எண்டு உங்களுக்கு விளங்குதா?"

"இல்ல."

"விளங்காததுக்கா இவ்வளவு சிரிப்பு?"

அந்தக் குரலை எப்படி நிறுத்துவது என்று அன்றே தேடிப் படித்தேன். செட்டைப் பற்றி நான் ஒழுங்காகப் படித்தது அந்த ஒரு பக்கத்தைத்தான்.

ஆனால் பெருமை பேசி முடிந்த கிழமையே காக்கா ஒன்று சொன்னார்: "வவுணதீவு, ஒங்கட குரல் பானைக்குள்ள இரிந்து பேசின மாதிரி வருது. அலை வருது, பேச்சு விளங்கல்ல. ஓவர்."

நான் சத்தம் போட்டுப் பேசினேன். இப்போது மூடின பானைக்குள் இருந்து சத்தம் போடுவதுபோல இருக்கிறது என்றார். பற்றரியாக இருக்கும் என்றார் தம்பி. முழுக்கச் சார்ஜ் போட்டேன். ஏரியல் காணாது என்றார். நீளமான ஏரியல் வாங்கிப் பூட்டினேன். உயரத்தில் நின்று பாருங்கள் என்றார். டிராக்டர் பெட்டியில் ஏறி நின்றேன். பிறகு தண்ணீர்த் தாங்கியில் ஏறினேன். கீழே நின்று என் மனைவி, "விழுந்தீங்க எண்டா ஆஸ்பத்திரிக்கும் இதாலதான் சொல்லணும். அவங்களுக்கும் விளங்காது," என்றாள்.

காக்கா கெட்டிக்காரர். கடையில் இருந்துகொண்டே கவனித்திருக்கிறார். ஒரு நாள் கேட்டார்:

"நான் ஒண்டு செல்லுறன், கோவிக்கக் கூடா. புதன், வியாழன்ல ஒங்கட பேச்சு கொஞ்சம் விளங்குது. வெள்ளிக்கிழம சுத்தமா இல்ல. ஒங்கட செட் வெள்ளிக்கிழமையில நோன்பு புடிக்குதா? ஓவர்."

தம்பி மொட்டை மாடியில் நின்று சிரித்த சிரிப்பு இங்கே இரைச்சலோடு கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் கிடையாது, விரதம். அந்த நாளில் செட் பேச மறுக்கிறது என்றால் ஏதோ குறை வைத்துவிட்டேன் என்றுதான் பட்டது. பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டேன். அடுத்த வெள்ளி குறையில்லாமல் இருக்கட்டும் என்று இன்னும் தடிப்பாகச் சந்தனம் வைத்தேன். அன்று பின்னேரம் பானைக் குரலும் போய்விட்டது.

ஐப்பசி இருண்டு வந்தது. வயல்வட்டைக்குள் விதைப்பு முடிந்து மழைக்குப் பார்த்திருந்தோம். மாரியில் எந்தக் கரைக்கு யார் பொறுப்பு என்று காக்கா ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். வடக்குப் பக்கம் தம்பிக்கு. மேற்குக் கரை எனக்கு என்றுதான் முதலில் பேச்சு.

"வாற ஞாயிறு கடைசியாப் பாப்பம். அண்டைக்கும் விளங்காட்டி மேற்கக் கையில எடுக்க வேற ஆளப் பாக்கணும். வெள்ளம் வந்த பொறகு 'என்ன? என்ன?' எண்டு கேட்டுக்கொண்டிரிக்க ஏலாதே. மனசுல வச்சிக்காதீங்க. ஓவர்," என்றார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் என் மனைவி பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டது. சுளகு ஒரு தடவை நின்று, பிறகு மறுபடியும் தொடங்கியது. அவள் ஒரு பகிடியும் விடவில்லை. பகிடி விட்டிருந்தால் எனக்கு அன்று நித்திரை வந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை விடியவே வாய்க்கால் வரம்பு உடைந்து தண்ணீர் ஓடுகிறது என்று ஆள் வந்து கூப்பிட, நான் மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விட்டேன். சாமி அறை வேலை அவள் கைக்குப் போனது. நான் சேற்றுக் காலோடு திரும்பி வந்தபோது அவள் வாசலில் வெளிச்சத்துக்கு இருந்தாள். மடியில் செட். கையில் தையல் ஊசி.

மண்வெட்டியை அப்படியே போட்டேன். "என்ன கா செய்யிறாய்?"

"என்னத்தச் செய்யிறதா? ஒரு படத்துக்குப் புதுச் சந்தனம் வைக்கிறதெண்டா பழசைத் துடைச்சிட்டுத்தானே வைக்கிறது? நீங்க மேலுக்கு மேல பூசி வைச்சிரிக்கீங்க. சுவர் மாதிரிக் கிடக்கு." ஈரத்துணியைக் காட்டினாள். மஞ்சளாக இருந்தது. "துடைச்சாக்கா ஒரு ஓட்டை. அதுக்குள்ளயும் சந்தனம். என்ட போன்லயும் கீழ இப்படி ஒரு ஓட்டை இரிக்கு. பிட்டு மா அடைஞ்சு, 'அம்மா, நீங்க பேசுறது விளங்குதில்ல' எண்டு புள்ளை எத்தின தரம் சொன்னவன். ஊசியாலதான் எடுத்தன். இதுவும் அதுதானே?"

சந்தனம் காய்ந்து வெடித்த புதன், வியாழனில்தான் என் பேச்சு கொஞ்சம் வெளியே போயிருக்கிறது. பரீட்சை எழுதினவன் நான். ஒலிவாங்கி எப்படி வேலை செய்கிறது என்று கேள்வி வந்து, அதற்கு விடையும் எழுதியிருக்கிறேன்.

"யார் இதில வைக்கச் சொன்னது?"

"ஐயா நெத்தி எங்க எண்டு கேட்டார். நான்தான் காட்டினன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு செட்டைப் பார்த்தாள்.

"நெத்தியக் காட்டச் சொன்னா வாயக் காட்டியிரிக்கீங்க. வெள்ளிக்கு வெள்ளி வாயைப் பூசி அடைச்சுப்போட்டு, பேசுதில்ல பேசுதில்ல எண்டு பிள்ளையாருக்கு நேர்த்தி வேற! அவரும் என்னதான் செய்வார், பாவம்?"

சிரிக்கத் தொடங்கினவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரித்தாள். நானும் சேற்றுக் காலோடு வாசல்படியில் இருந்து சிரித்தேன். சிரித்து முடிந்ததும் ஒன்று தோன்றியது. இந்த வேலையை முடித்துத் தா என்று நான் கேட்டேன். வரம்பை உடைத்து என்னை வயலுக்கு அனுப்பிவிட்டு, செட்டை அவள் கையில் கொடுத்தார் பிள்ளையார். நேர்த்தியைத் தீர்க்கத்தான் வேண்டும். அவளிடம் சொன்னேன். "தீருங்க. ஆனா சந்தனத்தை நான் வைக்கிறன்," என்றாள். செட்டின் பின்பக்கம், பற்றரிக்கு மேலே, குன்றிமணி அளவில் ஒரு பொட்டு வைத்தாள். இன்றைக்கும் அந்த இடம்தான்.

அன்று பின்னேரமே பேசிப் பார்க்கக் கை துடித்தது. அவள் விடவில்லை. ஓட்டைக்குள் ஈரம் இருக்கும், காயட்டும் என்று அரிசிப் பானைக்குள் செட்டை இறக்கி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை தூறத் தொடங்கியிருந்தது. விளக்கேற்றிவிட்டுத் தாழ்வாரத்தில் நின்று அழைப்புக்குறியைச் சொன்னேன். அவள் பக்கத்தில் வரவில்லை. உள்ளே அலுவல்போலப் பாத்திரங்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏறாவூர், ஏறாவூர், வவுணதீவு பேசுறன். விளங்குதா காக்கா? ஓவர்."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு:

"யா அல்லாஹ்! யாரது? வவுணதீவா? கடைக்குள்ள வந்து பக்கத்தில இரிந்து பேசின மாதிரி இரிக்கி! என்ன செய்தீங்க? ஓவர்."

"பிறகு சொல்றன் காக்கா. செட் நோன்பு திறந்திட்டு. ஓவர்."

பாசிக்குடாத் தம்பியும் சிரித்துக்கொண்டு, தெளிவு தெளிவு என்றார். மேற்குக் கரை உங்களுக்குத்தான் என்று காக்கா சொன்னார். அதோடு முடித்திருக்கலாம். ஆனால் காக்கா விடவில்லை.

"இன்னும் ஒண்டு. ஒங்கட மகன் வழமைபோல வலை நூல் எடுக்க வந்து, மழைக்கு இஞ்சதான் ஒதுங்கி நிக்கிறாரு. சுகமா இரிக்கிறாரு. மாரிக்கு முன்ன ஒரு ஒத்திகையா இரிக்கட்டும் எண்டு செல்லுறன். ஓவர்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அவள் தாழ்வாரத்துக்கு வந்து நின்றாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையில் ஈரம் இருக்கவில்லை.

"சாப்பிட்டானா எண்டு கேளுங்க," என்றாள் மெதுவாக.

கேட்டேன். காக்கா பதில் சொல்ல நேரம் எடுத்தது. அங்கே யாரோ ஏதோ சொல்வதும் சிரிப்பதும் தூரத்தில் கேட்டது. அந்தச் சிரிப்பு யாருடையது என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"கடையில பணிசும் பிளேன்டீயும் குடுத்திரிக்கன். ராச்சோறு வீட்டுலயாம். மெலிஞ்சி போனதா எண்டு உம்மா கேட்டா, இல்ல எண்டு செல்லட்டாம். ஓவர்."

"மெலிஞ்சுதான் இரிப்பான்," என்றாள் என் மனைவி, எனக்கா செட்டுக்கா என்று தெரியவில்லை.

நன்றி சொல்லி, அழைப்புக்குறி சொல்லி முடித்தேன். மழை இறுகத் தொடங்கியது. கூரைத் தகரத்தில் சத்தம் கூடியது. செட்டை வழக்கம்போலத் தாழ்வாரத்து மரவாங்கில் வைக்கப் போனேன்.

"அதில வைக்காதங்க, சாரல் அடிக்குது," என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சாமி அறைப் பக்கமாக நடந்தவள், வழியில் அதைத் திருப்பி ஓட்டை திறந்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தாள். "சார்ஜர் எங்க? மாரி வருது, நிறைச்சு வைப்பம்."