வரிசை நடுவில் நசிலேலேயின் இடம்

ஸாம்பேசி ஆற்று வெள்ளம் வடிந்ததும் எங்கள் மேட்டுக்குக் கீழே ஒரு குட்டை தங்கும். அதில் விரல் நீளப் பொடிக்கெண்டை மொய்க்கும். குறித்த நாளில் பெண்கள் எல்லாரும் சேர்ந்துதான் இறங்க வேண்டும். அதற்கு முன் ஒருத்தியும் கால் நனைக்கக் கூடாது. கோரைக்கூடையை ஏந்தி வரிசையாக நடப்போம். நடுவில் நசிலேலே. கெண்டை எந்தப் பக்கம் ஓடும் என்பதை அவள் பாதமே சொல்லிவிடும். புருஷன் செத்து, பிள்ளையும் இல்லாதவளுக்கு அந்த வரிசைதான் சொந்தபந்தம்.

அந்த வருஷம் நான் முந்திக்கொண்டேன். காய்ச்சலில் கிடந்து எழுந்த என் மகன் மொண்டே, களிக்கு மீன் கேட்டு அழுதான். எல்லாரும் சோளக்கொல்லைக்குப் போன நேரம் பார்த்து, கொசுவலையை அவிழ்த்துக்கொண்டு போய்க் குட்டையை அரித்தேன். ஆசை விடவில்லை, குஞ்சுகூட மிஞ்சவில்லை. சே, நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

குறித்த நாளில் இறங்கினோம். எல்லார் கூடையிலும் சேறுதான்.

"எவளோ வழிச்சு நக்கிட்டுப் போயிருக்கா," என்றாள் வரிசைக்குத் தலைவியான லிசெலி.

"வேற எவ? யாரு வீட்டுக் கூரையில எப்பவும் கெண்டை காயுது?"

சொன்னது நான்தான். யாரும் என்னைக் கேட்கவே இல்லை.

"அதான் நசிலேலே அக்கா மட்டும் கொழுகொழுன்னு இருக்காங்க!" என்று ஒருத்தி சிரித்தாள்.

"நசிலேலே, கரையேறு. இனிமே வரிசைக்கு வராத," என்றாள் லிசெலி.

நசிலேலே என்னை ஒருமுறை பார்த்தாள். கூடையிலிருந்த சேற்றைக் கொட்டிவிட்டு ஏறிப் போனாள்.

சாயங்காலம் என் வாசலுக்கு வந்தாள். கையில் கொசுவலைக் கிழிசல். நான் சிவப்பு நூலால் ஒட்டுப்போட்ட அதே துண்டு.

"போன வாரமே குட்டையோரக் கோரையில மாட்டிக் கெடந்துச்சு," என்றாள்.

"அப்ப அங்கயே ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா உன்னைத் துரத்திடுவாளுங்க. நான் ஒத்தக்கட்டை, எப்படியோ திம்பேன். இதத் தச்சுக் கட்டுடி, பிள்ளையக் கொசு கடிக்கப் போவுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நாளைக்கே லிசெலிகிட்ட சொல்லிடுறேன்க்கா!"

"சொல்லு," என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று வெள்ளம் வந்து வடிந்துவிட்டது. இப்போது வரிசை நடுவில் நான் நடக்கிறேன். நசிலேலே கரையில் உட்கார்ந்து பார்க்கிறாள். கரையேறியதும் என் கூடையிலிருந்து ஒரு கை கெண்டை அள்ளி அவள் மடியில் போடுகிறேன்.

"திருடிக்கும் குடுக்குறியே, உனக்கு எவ்ளோ நல்ல மனசுடி!" என்று லிசெலி எல்லார் முன்னாலும் என்னை மெச்சுகிறாள்.