குணுக்கு போட்ட வேட்பாளர்

போன வாரம் என் தங்கையின் மருமகன் ஜெபின் பெங்களூருவிலிருந்து வந்திருந்தான். கிறிஸ்துமஸ் லீவு. சாப்பிட்டு முடித்த கையோடு போனைத் தூக்கிக்கொண்டு ஏதோ சீட்டு விளையாடிக்கொண்டிருந்தான். என்ன ஆட்டம் என்று கேட்டுத் தொலைத்தேன்.

போக்கராம்.

அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் எனக்கு கிளாஸ். கையில் ஒன்றும் இல்லாமலே எல்லாம் இருப்பதுபோல் காட்டினால் அது பிளஃப். பயந்துபோய்ச் சீட்டைக் கவிழ்த்தால் ஃபோல்ட். இருப்பதையெல்லாம் தூக்கி நடுவில் தள்ளினால் ஆல்-இன். மூக்கைச் சொறிவது, எச்சிலை விழுங்குவது என்று நம்மை அறியாமல் நம் உடம்பே நம்மைக் காட்டிக்கொடுத்தால் அதற்கு டெல் என்று பெயர். டெல் எதுவும் வெளியே தெரியாமல் வைத்துக்கொள்கிற மூஞ்சிதான் போக்கர் ஃபேஸ். அடேயப்பா! ஒரு மனிதன் இன்னொரு மனிதனை ஏமாற்ற எத்தனை வார்த்தை!

கடைசியில் கேட்டான், "ஒங்க ஆட்டத்துல பிளஃப் உண்டா மாமா?"

அதெல்லாம் எங்களிடம் கிடையாது, எங்கள் ஊர் ஆட்டம் யோக்கியமான ஆட்டம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். சொன்ன மறுநிமிஷம் வாயிலிருந்த டீ புரை ஏறிவிட்டது. ஏன் ஏறியது என்பதை ஜெபினிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே. இங்கே சீட்டு என்றால் இருபத்தெட்டுதான். நாலு பேர். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு கட்சி. இதில் பெரிய சீட்டு குலான் — நீங்கள் ஜாக்கி என்பீர்கள். அவனுக்கு மூன்று புள்ளி. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒன்றுமே கிடையாது. வேலைக்காரன் மேலே, ராஜா கீழே... கேரளம் அல்லவா!

மொத்தப் புள்ளி இருபத்தெட்டு. அதில் இத்தனை நான் எடுப்பேன் என்று ஏலம் கேட்பதுதான் விளி. அதிகம் விளித்தவன் ஏதாவது ஒரு இனத்தைத் துருப்பாக முடிவு செய்து கவிழ்த்து வைப்பான். துருப்பைப் போட்டு அடுத்தவன் எடுக்க இருந்ததை நாம் எடுத்தால் அது வெட்டு. அவ்வளவுதான் பாடம்.

இல்லை, ஒன்று பாக்கி. குணுக்கு.

குணுக்கு என்றால் காதில் போடுகிற நகை. ஒவ்வொரு கட்சிக்கும் ஆறு புளியங்கொட்டை கொடுத்து ஆட்டம் தொடங்கும். தோற்கத் தோற்க ஒவ்வொன்றாக எதிர்க்கட்சிக்குப் போகும். ஆறும் போய்விட்டால் தோற்ற இருவர் காதிலும் குணுக்கு ஏறும். தென்னை மூட்டில் உதிர்ந்து கிடக்கிற பிஞ்சுக் குரும்பையில் ஈர்க்கிலைக் குத்தி, வளைத்து, காதில் மாட்டிவிடுவோம். அடுத்து ஒரு ஆட்டம் ஜெயித்தால்தான் கழற்றலாம்.

மற்ற இடங்களில் ஆட்டம் கலைந்து எழுந்திருக்கும்போது குணுக்கைப் பறித்து எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் மேசையில் மட்டும் ஒரு அதிகப்படி உண்டு. எழுந்து போனாலும் குணுக்கு கூடவே வரும். ஜெயிக்கிறவரை, எத்தனை நாள் ஆனாலும்! குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றலாம். வெளியே இறங்கினால் காதில் இருக்க வேண்டும். குரும்பை வாடிப்போனால் புதிதாக ஒன்று மாட்டிக்கொள்ள அனுமதி உண்டு.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் தங்கராஜ். நான் தோற்றிருந்த ஒரு நாளில் கொண்டுவந்தான். அந்த வாரம் என் மச்சினனின் புதுவீட்டுப் பால்காய்ப்பு. காதில் குரும்பையோடு போய் நின்றேன். என் மனைவி ராணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் அதை மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கராஜுக்கு அமரவிளையில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை. சுற்றுவட்டாரத்தில் அவன் கழற்றி மாட்டாத மிக்சி இல்லை. எங்கள் மேசையில் அவனுக்கு ஜோடி ரப்பர் வெட்டுகிற மணியன். எனக்கு ஜோடி ஸ்டீபன் அண்ணன். அவருடைய ரப்பர் ஷீட் கொட்டகையில்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோயில் முடிந்து, சாப்பாடு முடிந்து, ஆட்டம். மற்ற நாட்களில் கிடையாது.

இந்தத் தடவை பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் வார்டில் தங்கராஜ் சுயேச்சையாக நின்றான். சின்னம் குடை. விளையாட்டுக்கு நிற்கவில்லை. எங்கள் வார்டில் குழாய் உண்டு, தண்ணீர் இல்லை. அவன் தெருவில் தண்ணீருக்காக ஒரு கிலோமீட்டர் குடம் சுமக்கிறார்கள். மூன்று மெம்பர்களிடம் மனு கொடுத்து அலுத்துப்போய், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இறங்கிவிட்டான். ஜெயித்தே ஆகவேண்டும் என்று ஒரு வெறி.

ஆனால், வேட்பாளர் ஆனதும் மனிதர்களுக்கு விளி கூடிவிடுகிறது. ஓட்டுப்பதிவுக்கு முந்தின ஞாயிறுக்கும் முந்தின ஞாயிறு. அவன் கட்சிக்குக் கடைசிப் புளியங்கொட்டை. பதினாறு விளிக்கிற சீட்டை வைத்துக்கொண்டு, இருபத்தொன்று என்றான். துருப்பு இஸ்பேட். இஸ்பேட் குலான் மணியனிடம் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. குலான் என்னிடம் இருந்தான்.

வெட்டினேன். அப்படி ஒரு சுகம், சொல்லக் கூடாது!

இரண்டு பேருக்கும் குணுக்கு. மணியனுக்குக் கவலை இல்லை. அவன் பொழுதெல்லாம் ரப்பர் மரங்களோடு, மரம் சிரிக்காது. தங்கராஜின் முகம் மட்டும் சுருங்கிவிட்டது. நான் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டும்போது பக்கத்தில் வந்தான்.

"மக்கா, ஒரேயொரு ஆட்டம் களிச்சிட்டு போலாம். நாளையிலேருந்து வீடு வீடா ஏறி ஓட்டு கேக்கணும். அடுத்த ஞாயிறு பிரச்சாரம் முடியுத நாளு, வர முடியாது."

ஒரு ஆட்டம். பத்து நிமிஷ வேலை. ஸ்டீபன் அண்ணன்கூட உட்காரத் தயாராகத்தான் இருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ரூலு நீ போட்ட ரூலாக்கும்."

பால்காய்ப்பை நான் மறக்கவில்லை என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை கதர்ச் சட்டை, வெள்ளை வேட்டி, கும்பிட்ட கை, காதில் குரும்பை. இப்படித்தான் இறங்கினான். சுவர் முழுக்க ஒட்டிய போஸ்டரில் குரும்பை இல்லாத தங்கராஜ். முன்னால் நடந்து வருவது குரும்பையோடு. ஊர் சும்மா இருக்குமா? இரண்டாம் நாளே குணுக்கு மெம்பர் என்று பேர் விழுந்துவிட்டது.

கூட வந்த ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கழற்றிப் பாக்கெட்டில் போடு, கொட்டகைக்குப் போகும்போது மாட்டிக்கொள் என்றார்கள். மாட்டேன் என்றான். காதுவலி, நாட்டு வைத்தியம் என்றாவது சொல்லு என்றார்கள். அதற்கும் மாட்டேன். ஒவ்வொரு வாசலிலும், சீட்டில் தோற்றேன், ஜெயிக்கிறவரை இது கிடக்கும் என்று உள்ளதைச் சொன்னான். சில பெண்கள் சிரித்தார்கள். சிலர் சீட்டு விளையாடுகிறவனுக்கா ஓட்டு என்று கதவைச் சாத்தினார்கள். எல்லாரும் மறக்காமல் மிக்சியைப் பற்றியும் விசாரித்தார்கள்.

எதிர் வேட்பாளரும் வந்தார். கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட வேட்டி. நூறு வாசலுக்கும் ஒரே சிரிப்பு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தண்ணீர் கண்டிப்பாக வரும் என்றார். ஜெபினின் கிளாஸ் எனக்கு முன்பே நடந்திருந்தால், அந்த முகத்துக்குச் சரியான பெயர் எனக்குத் தெரிந்திருக்கும்.

தங்கராஜ் என் வீட்டுக்கும் வந்தான். ராணி டீ கொடுத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். இவன் மிக்சி ரிப்பேருக்கு வருகிற ஆள் இல்லை இன்று, ஓட்டு கேட்கிற ஆள். முறையாகக் கேட்க வேண்டும் என்று எழுந்து நின்று கும்பிட்டான்.

எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. "எனக்க ஓட்டு உனக்கல்லாம வேற ஆருக்குலே?" என்றேன்.

"அது எனக்கறியாம் மக்கா" என்றான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் உண்மையாகத்தான் சொன்னேன்.

ஓட்டுப்பதிவு நாள். பள்ளிக்கூடத்தில் பூத். வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் பேச்சே குணுக்குதான். இந்த ஆள் எங்கே ஜெயிக்கப் போகிறான், டெபாசிட் கிடைத்தால் பெரிது என்று ஒருவர். அவனுக்குப் போட்டு ஓட்டை வீணாக்குவானேன் என்று இன்னொருவர். விரலில் மை வைத்தார்கள். மெஷின் முன்னால் போய் நின்றேன். குடை இருந்தது. பக்கத்தில் அவன் பெயரும் இருந்தது.

எத்தனையோ சாக்கு சொல்லலாம். எதிர் வேட்பாளருக்கு மேலிடத்தில் பிடி உண்டு, தண்ணீர் சீக்கிரம் வரும் என்று யோசித்தேன் என்றுகூடச் சொல்லலாம். எல்லாம் பொய். எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் குரும்பை. தோற்றவன் என்று காதில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிற ஆளுக்கா என் ஓட்டு என்று ஒரு நினைப்பு. தொங்கவிட்டதே நான்தான் என்பது வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான் உறைத்தது. அதற்குள் மெஷின் பீப் அடித்துவிட்டது.

சனிக்கிழமை ஓட்டு எண்ணினார்கள். தங்கராஜுக்கு டெபாசிட் போகவில்லை. ஊரே வாயைப் பிளக்கிற மாதிரி ஓட்டு வாங்கியிருந்தான். கதவைச் சாத்திய வீடுகளிலிருந்தெல்லாம் விழுந்திருந்தது. உள்ளதைச் சொல்கிறவன் என்று பெண்கள் ஒன்றுசேர்ந்து குத்தியிருக்கிறார்கள்.

தோற்றது ஒரு ஓட்டில்.

ஆமாம், ஒன்றே ஒன்று. மறுபடி எண்ணச் சொன்னார்கள். மறுபடியும் அதே ஒன்று. நான் குடையில் குத்தியிருந்தால் அவருக்கு ஒன்று குறைந்து இவனுக்கு ஒன்று கூடியிருக்கும், இவன் மெம்பர். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சலா என்று ராணி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த நாள் ஞாயிறு. வர மாட்டான் என்று நினைத்தேன். வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வந்தான்... காதில் பச்சைக் குரும்பையோடு. சீட்டைக் குலுக்கியபடியே சொன்னான்.

"ஒரு ஓட்டுல போச்சு. போவட்டு! ஸ்டீபன் அண்ணனுக்க ஓட்டு வேற வார்டு. மணியனும் நீயும் போட்டது எனக்கு உறப்பு உண்டு. அதாக்கும் ஒரு சமாதானம்."

மணியன் தலையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். என் முகத்தில் ஒரு ரோமம் அசையவில்லை. எங்கே கற்றேன் இதையெல்லாம்?

அன்றைக்கு அவன் பதினெட்டு விளித்தான். அவனைக் கவிழ்க்க என் கையில் துருப்புக் குலான் இருந்தான். வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் ஒன்றுக்கும் உதவாத ஒரு ஏழாம் நம்பர் சீட்டைப் போட்டேன். அடுத்ததிலும் விட்டேன். பதினெட்டு தேறிவிட்டது. ஜெயித்துவிட்டான். கழற்று, கழற்றி எறி என்று நானே கைதட்டினேன்.

ஆனால், சீட்டு பொய் சொல்லாது. கடைசியில் எல்லாம் மேசைமேல் விழுந்துதானே ஆக வேண்டும்? கடைசிச் சீட்டாக என் கையிலிருந்து குலான் இறங்கினான். ஸ்டீபன் அண்ணனுக்குக் கண் சிவந்துவிட்டது. குலானை அமுக்கி வைத்துக்கொண்டு ஜோடியை முட்டாளாக்குகிறாயா என்று அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

தங்கராஜ் குலானைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். காதில் பாதி கழற்றியிருந்த குணுக்கை மறுபடி சரியாக மாட்டிக்கொண்டான்.

"சும்மா தந்த ஆட்டம் எனக்கு வேண்டாம் மக்கா. உனக்க மனசு எனக்கு மனசிலாச்சு. தோத்தவனுக்கு ஒரு ஆறுதல். நீ நல்லவனாக்கும்."

நல்லவன்! செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் அவன் முறையாக ஜெயித்து, முறையாகக் கழற்றினான். வேண்டுமென்றே தோற்ற குற்றத்துக்காக எனக்கு மேசை தீர்ப்பு எழுதியது: ஒரு மாதம் குணுக்கு, ஜெயித்தாலும் கழற்றக் கூடாது. ஊரில் கேட்கிறவர்களிடம் எல்லாம், சிநேகிதனுக்காக விட்டுக்கொடுத்து மாட்டிக்கொண்ட குணுக்கு என்று தங்கராஜே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். வழியில் பார்க்கிறவர்கள் எனக்கு மரியாதையாக வணக்கம் சொல்கிறார்கள்.

ஒரு நாள் அவனிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அவன் கடை வாசல்வரை போவேன். தொண்டை வரைக்கும் வரும். டீ சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். கடைசியில், உங்களிடமாவது இறக்கி வைப்போம் என்று இங்கே எழுதிவிட்டேன்.

தங்கராஜ் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவான், வாசிக்க வராது — தயவுசெய்து யாரும் படித்துக் காட்டிவிடாதீர்கள்.