கிலுகிலுப்பை கலந்த வைக்கோல்

லட்சுமணனுக்கு இரண்டு விஷயங்களில் கர்வம் உண்டு. ஒன்று, அவருடைய வைக்கோல் போர். இன்னொன்று, இதுவரை யாரிடமும் தப்பு என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை என்பது. சந்தையிலிருந்து அடுத்தவர் கிடேரியை ஓட்டிவந்துவிட்டு, "நான் எங்க ஓட்டியாந்தேன்? அதுவா எம் பின்னாடி வந்துச்சு" என்று பஞ்சாயத்திலேயே சாதித்தவர். மலைமேலுள்ள காவலூருக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் அவரோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை.

போன வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கொல்லைக்காட்டில் சாமைப் பயிர் முழங்கால் உயரம்கூட ஏறவில்லை. அதன் இடுக்கெல்லாம் கிலுகிலுப்பைச் செடி மண்டி, மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. பார்க்க அழகுதான், யாரோ கல்யாணத்துக்கு ஜோடித்த மாதிரி. அறுப்புக்கு முன் அதைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்றாள் மனைவி ரஞ்சிதம்.

"இன்னாத்துக்கு? ஆவாதத மாடே ஒதுக்கிடும். அதுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

அவர் சொன்னதில் பாதி நிஜம். பச்சையாக நிற்கும் கிலுகிலுப்பையை மாடு மோந்து பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விடும். காய்ந்து வைக்கோலோடு வைக்கோலாகக் கலந்துவிட்டால் பிரித்துத் தின்ன அதனால் ஆகாது. அந்த மிச்சப் பாதியை லட்சுமணன் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்தே அறுத்தார். போர் அமோகமாக வந்தது. அதில் முக்கால்வாசியை, பொங்கல் வரிசையோடு, காவலூரில் கட்டிக்கொடுத்த மகள் கோகிலவாணி வீட்டுக்கு மினி லாரியில் அனுப்பினார். அங்கே அவளுக்கென்று இருந்தது ஒரு சினைப்பசு மட்டும்தான். வண்டி மேடு ஏறும்போது வைக்கோலுக்குள்ளிருந்து காய்ந்த காய்கள் குலுங்கும் சத்தம் கேட்டது. லட்சுமணன் சிரித்தபடி கையசைத்தார்.

மிச்ச வைக்கோலைத் தின்ற அவருடைய செவலை எருது தவிட்டுத் தொட்டியை ஒதுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது. பிறகு தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு பொழுதுக்கும் நின்றது. ஆலங்காயத்திலிருந்து வந்த மாட்டு டாக்டர் அருணா அதன் கண் இமையை விலக்கிப் பார்த்தார். வெள்ளை விழி மஞ்சளித்துக் கிடந்தது. நேராக வைக்கோல் போருக்குப் போய் ஒரு பிடி உருவினார். கையோடு காய்ந்த காய்கள் வந்தன.

"ஈரல் போயிடுச்சுங்க. இதுக்கு மருந்து கெடையாது. தின்னதும் காட்டாது, காட்ட மாசக்கணக்குல ஆவும். வேற மாடு எதனா இதத் தின்னுச்சா?"

லட்சுமணன் அவசரமாக மகளுக்குப் போன் போட்டு, அந்த வைக்கோலை இனிமேல் போடாதே என்றார்.

"தீந்தே போச்சு நைனா. ஒரு துரும்பு வுடாம தின்னுடுச்சு."

எருது மறுநாள் செத்தது. அதற்காக அழக்கூடத் தோன்றாமல் காவலூர் பஸ் ஏறினார் லட்சுமணன்.

கோகிலவாணியின் மாமியார் ஜெயம்மாள் வாய் நிறைய வரவேற்றார். "வாங்க சம்மந்தி! உங்க வைக்கோலத் தின்னு மாடு இன்னா மினுமினுப்பு பாருங்க. இன்னொரு வண்டி அனுப்பக் கூடாதா?"

"அது வெசம் சம்மந்தி" என்றார் லட்சுமணன், உட்காராமலே. "கிலுகிலுப்பையோட சேத்து அறுத்துட்டேன். எங்கூட்டு எருது செத்துப்போச்சு. தப்பு என்னுதுதான்."

வாழ்நாளில் முதல்முறையாக அந்த வார்த்தை வந்தது. நம்பத்தான் ஆளில்லை.

ஜெயம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. "குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போங்களேன். தின்னு தீத்து எத்தினி நாளாச்சு, இதுவரிக்கும் ஒண்ணும் ஆவல. சினை மாட்ட வெச்சிக்கினு பேசுற பேச்சா இது?"

கோகிலவாணிக்கு அவமானமாகிவிட்டது. அப்பாவின் வாயை அடைத்தால் போதும் என்று தவிட்டையும் புண்ணாக்கையும் தொட்டியில் கொட்டிக் கலக்கினாள். "நீயே பாரு நைனா. இதக் கண்டா தொட்டியோட முழுங்கிடும்."

பசு மெதுவாக வந்தது. தொட்டிக்குள் மூக்கை வைத்தது. கோகிலவாணி அதன் கழுத்தைத் தடவி, "குடிம்மா" என்றாள். பசு மூக்கை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றது.

"வெயிலு ஏறிடுச்சில்ல, அதான்" என்றார் ஜெயம்மாள்.

கோகிலவாணி அப்பாவை நிமிர்ந்து பார்க்காமல், கலக்கிய தவிட்டையே மறுபடி மறுபடி கலக்கிக்கொண்டிருந்தாள்.