ஒரே நாளில் கேட்டேன், பதினான்கு மாதத்தில் கொடுத்தார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வெகுநாள் யோசித்தேன். வெட்கம்தான் காரணம். குடியை விட்டவன் எழுந்து நின்று சாட்சி சொன்னால் சபையார் சந்தோஷமாகக் கேட்பார்கள். மாத்திரையை விட்டவன் என்ன சொல்வது? அதுவும் டாக்டரே எழுதிக் கொடுத்த மாத்திரை. ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததை மூடி வைத்தால் நான் நன்றி கெட்டவன். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் பெயர் எபனேசர். மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் வேலை. கப்பலேறும் சாக்கு மூட்டைகளின் மேல் தூரிகையால் அடையாளம் எழுதுவேன். போகிற துறைமுகத்தின் பெயர், சரக்கின் பெயர், மூட்டையின் எண். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து இருபது வருடம் ஆகிறது. வீட்டில் நானும் என் மனைவி ரூபியும்தான்.

1964-ல் மழைக்காலம். ஒரு காலை வேளையில் கிடங்குக்குள் நானும் அவுசேப்புச் சேட்டனும் வேலையில் இருந்தோம். அவர் மூட்டைகளை அடுக்குகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் எழுத வசதியாக மூட்டையைத் திருப்பித் திருப்பிக் கொடுப்பார். மை தீர்ந்துபோனது. "போய் எடுத்துட்டு வா, நான் இவிடத்தன்னெ நிற்கிறேன்" என்றார். நான் பத்தடி நடந்திருப்பேன். பின்னால் அடுக்கு சரிந்தது. திரும்பிப் பார்த்தபோது சாக்கு மட்டும்தான் தெரிந்தது. அவரை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் சாக்கு சரிகிற சத்தம். சாப்பாடு இறங்கவில்லை. கிடங்கு வாசலில் கால் வைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ரூபி என்னை டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் டயசிபாம் என்று ஒரு மாத்திரை எழுதினார். புதிதாக வந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். முதல் மாத்திரை போட்ட அன்று விடியும்வரை தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்காகவும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஆனால் சில மாதத்தில் இரண்டு போதவில்லை. மூன்றாக்கினேன். டாக்டரிடம் போவதையும் நிறுத்திவிட்டேன். மருந்துக் கடையில் முகம் பழகிவிட்டதால் சீட்டுக் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் ஐந்து மாத்திரை ஆனது. ஒரு வேளை தப்பினால் கை நடுங்கும், எழுத்து கோணும். போட்டால் தலைக்குள் பஞ்சு அடைத்தது போலிருக்கும். ஒரு நாள் நாற்பது மூட்டைகளில் வேறு ஊர்ப் பெயரை எழுதிவிட்டேன். எல்லாவற்றையும் மறுபடி புரட்டிப் போட்டு, எழுதியதை அழித்துத் திருத்த வேண்டியதாயிற்று. கங்காணி ஒரு வார்த்தை திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தமிழ்ச் சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர், "எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயோ அதை இன்றைக்கே வீசி எறி" என்று பேசினார். எனக்கென்றே பேசியதுபோல் இருந்தது. எங்கள் சபையின் மூப்பர் பாக்கியநாதன் அண்ணன் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். நானும் அழுது கேட்டேன். "ஆண்டவரே, ஒரே நாளில் இதை என்னைவிட்டு எடுத்துப்போடும்." மறுநாள் காலை படகு ஏறுகிற ஜெட்டிக்குப் போய், மாத்திரைப் புட்டியைக் காயல் தண்ணீரில் எறிந்தேன். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அன்று மாலைக் கூட்டத்தில் எழுந்து, மாத்திரையை விட்டுவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

முதல் நாள் தாங்கினேன். இரண்டாம் நாள் உடம்பெல்லாம் வேர்த்து உதறியது. சட்டைத் துணி பட்டாலே தோல் எரிந்தது. மூன்றாம் நாள் எறணாகுளத்துக்குப் போக ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தேன். படகு கரையை அணைந்தது தெரியும். அப்புறம் எதுவும் தெரியாது. வலிப்பு வந்து தண்ணீருக்கும் பலகைக்கும் நடுவில் சாய்ந்திருக்கிறேன். எங்கள் கிடங்கில் மூட்டை சுமக்கிற மம்மது, கையிலிருந்த கொக்கியைக் கீழே போட்டுவிட்டு என் இடுப்பு வேட்டியைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவன் பிடிக்காவிட்டால் இந்தச் சாட்சி இல்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொன்னேன். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் விட்டுவிட்டேன் என்று சொன்னவன், எப்படி வாய் திறப்பேன்? காக்காய் வலிப்பு என்று முடிவு கட்டி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்குப் பாக்கியநாதன் அண்ணன் வந்தார். நல்ல மனிதர்தான். அன்றைக்கு அவர் சொன்னது மட்டும் முள்ளாய்த் தைத்தது. "தம்பி, மனசைக் கொஞ்சம் ஆராய்ஞ்சு பாரு. உள்ள எங்கேயோ அவிசுவாசம் ஒளிஞ்சிருக்கு. இல்லன்னா ஏன் இப்படி வரணும்?" நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

அவர் போனபின் ரூபி என் கட்டிலருகே முழங்காலில் நின்றாள். சத்தமாகவே ஜெபித்தாள். "ஆண்டவரே, இவருக்கு விசுவாசம் இருக்கா இல்லையான்னு நான் கேக்கல. இவருக்கு வந்தது என்னன்னு தெரிஞ்ச ஒரு ஆளைக் காட்டும். ஒரே ஒரு ஆள் போதும். ஆமென்." அவ்வளவுதான் ஜெபம். எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள்.

சாயந்திரம் மம்மது என்னைப் பார்க்க வந்தான். வாசலில் நின்றபடி ரூபியிடம் கேட்டான். "சேச்சி, இவன் ஏதாவது ஒறக்க மருந்து தின்னுட்டு, திடீர்னு நிறுத்தினானா?"

ரூபி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"எனக்குத் தோணிச்சு. என்றெ மச்சானுக்கும் இதேபோலத்தான் வந்தது. வேற ஏதோ ஒறக்க மருந்து. பள்ளுருத்தியில ஒரு சாமி டாக்டர் உண்டு. அவர்தான் சரியாக்கினது. நாளைக்கே போய்க்கோ. வெட்கப்படாம எல்லாத்தையும் சொல்லு."

ரூபி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் கேட்டு நாலு மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் பஸ் ஏறிப் பள்ளுருத்திக்குப் போனோம். அந்த டாக்டர் பாலக்காட்டு ஐயர். நெற்றியில் விபூதி. மேசைமேல் நெஞ்சில் வைத்துப் பார்க்கிற குழலும் ஒரு தாள் கட்டும். நான் எல்லாவற்றையும் சொன்னேன், காயலில் எறிந்ததையும் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"ஒரேயடியா நிறுத்தப்படாது. பழைய தூக்க மருந்துலயும் நான் இதைப் பார்த்திருக்கேன். இது புதுசு, ஆனா சுபாவம் அதேதான். உங்க நரம்பு அதோட பழகிடுத்து. மெள்ள மெள்ளத்தான் பிரிக்கணும்."

"அப்ப என் மேல தப்பில்லையா டாக்டர்?"

"உடம்புக்கு வந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவேள்? கேட்காம அஞ்சாக்கினேளே, அது தப்பு. அதை இப்போ விட்டுடலாம்."

"எத்தனை நாளாகும்?"

"நாள் கேக்காதீங்கோ. மாசம்னு வெச்சுக்கோங்கோ. ஒரு வருஷமும் ஆகலாம்."

"நான் ஜெபம் பண்றவன் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. "பேஷாப் பண்ணுங்கோ. நான் சொல்ற கணக்குல மாத்திரையும் சாப்பிடுங்கோ. ரெண்டும் சண்டை போட்டுக்காது."

முதலில் பழைய அளவையே திரும்பக் கொடுத்து உடம்பை நிலைக்கு வரவிட்டார். பிறகுதான் குறைக்கத் தொடங்கினார். சில வாரத்துக்கு ஒரு முறை அரை மாத்திரை குறைப்பார். உடம்பு ஒத்துக்கொண்டால் இன்னொரு அரை. ரூபி புதுச் சவரப் பிளேடு வாங்கி, மாத்திரையைத் தட்டில் வைத்து வெட்டுவாள். வெட்டும்போது மூச்சுவிட மாட்டாள், தூள் பறந்துவிடும் என்று. ஒரு பிஸ்கட் டப்பாவில் அந்தந்த நாளுக்கானதைத் தாளில் மடித்து வைப்பாள். எனக்குக் கோபம் வரும். ஒரே நாளில் எடுத்துப்போடும் என்று நான் கேட்டேன், ஆண்டவர் பிளேடைக் காட்டுகிறாரே என்று.

இரண்டு மாத்திரைக்கு இறங்கியபோது மிகவும் கஷ்டப்பட்டேன். பஸ் ஆரன் அடித்தால் அடி விழுந்தது போலிருக்கும். கையில் எறும்பு ஊர்வது போலிருக்கும், பார்த்தால் ஒன்றும் இருக்காது. சாயாக் கிளாஸ் கவிழ்ந்ததற்காக ஒரு நாள் உட்கார்ந்து அழுதேன். அந்த வாரம் டப்பாவிலிருந்து இரண்டை எடுத்து, அவளுக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டேன்.

"என்னங்க, ரெண்டு குறையுது" என்றாள். அதட்டவில்லை.

"நான்தான் எடுத்தேன்."

"சரி. டாக்டர்கிட்ட சொல்லிடுவோம்."

டாக்டரும் கோபிக்கவில்லை. "இங்கயே கொஞ்ச நாள் நில்லுங்கோ. குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். ஏணியில எறங்கறவன் ஒரு படியில நின்னு மூச்சு வாங்கினா, அவன் மேல ஏறிட்டான்னு அர்த்தமா?" என்றார்.

அன்று டாக்டர் வாசலில் பெஞ்சில் காத்திருந்தபோதே என் ஜெபம் மாறிவிட்டது. எடுத்துப்போடும் என்று கேட்பதை விட்டேன். "ஆண்டவரே, இன்றைக்குச் சாயந்திரம் வரைக்கும் என்னைப் பிடித்துக்கொள்ளும்" என்று கேட்டேன். பிடித்துக்கொண்டார். மறுநாளும் அதையே கேட்டேன். அப்படிக் கேட்ட ஒரு நாளாவது அவர் விட்டதில்லை.

மாத்திரை குறையக் குறைய ஒன்று நடந்தது. அவுசேப்புச் சேட்டனுக்காக அதுவரை நான் அழுததில்லை. பயந்தேன், நடுங்கினேன், அழவில்லை. இப்போது கண்ணீர் வந்தது. கிடங்கில் தூரிகையோடு நின்று அழுவேன். மம்மது என் முன்னால் வந்து மறைத்து நின்றுகொள்வான். ஒரு ஞாயிறு மதியம் நானும் ரூபியும் இடக்கொச்சிக்குப் போனோம். சேட்டனின் மனைவி மேரிச் சேச்சியை அதுவரை நான் போய்ப் பார்க்கவே இல்லை. முகத்தில் முழிக்கப் பயம்.

சேச்சி கப்பக்கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். நான் தொடவில்லை. "சேச்சி, நான் மை எடுக்கப் போனேன். அதனாலதான் நான் இருக்கேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நீ போனது நல்லதாச்சு, எபனேசரே. இல்லன்னா அன்னைக்கு ரெண்டு வீட்டில கரச்சிலும் அழுகையுமாயிருக்கும். இதுக்காகவா இத்தன நாள் வராம இருந்தே? தின்னு, ஆறிப்போகுது."

தின்றேன். இரண்டு வருடத்துக்கு மேலாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்த வீட்டில் எழுந்து போனது. மாத்திரை அதை மூடித்தான் வைத்திருந்தது. ஒரே நாளில் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டிருந்தால் நான் இடக்கொச்சிக்குப் போயிருப்பேனா? தெரியவில்லை. போயிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

பதினான்காம் மாதம், 1967 முடியப் போகிற சமயம், கால் மாத்திரையும் நின்றது. ரூபி டப்பாவைக் கழுவி அடுப்பங்கரையில் கவிழ்த்து வைத்தாள். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் கைநழுவிவிடுமோ என்று பயம். அடுத்த சில வாரம் தூக்கம் வந்தும் வராமலும் இருந்தது. அது வரும், அவசரப்படாதீங்கோ என்றார் டாக்டர்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். போதகர் பிரசங்கத்தைத் தொடங்கியது நினைவிருக்கிறது. கண் திறந்தபோது சபை காலி. ரூபி மட்டும் பக்கத்தில் இருந்தாள். என் தலை அவள் தோளில். ஒன்றரை மணி நேரம் தூங்கியிருக்கிறேன், குறட்டையோடு. பாட்டுப் பாடியும் எழுந்திருக்கவில்லையாம். யாரும் என்னை எழுப்ப வேண்டாம் என்று போதகரே கை காட்டினாராம். நடுவில் ஜன்னல் வழியாக வெயில் என் முகத்தில் விழுந்ததாம். முன்வரிசையிலிருந்து பாக்கியநாதன் அண்ணன் எழுந்து, எல்லோரும் பார்க்க நடந்து வந்து, அந்த ஜன்னல் கதவைச் சாத்திவிட்டுப் போனாராம்.

ரூபி சொல்லச் சொல்ல நான் சிரித்தேன். அப்புறம் அங்கேயே முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

இப்போது நன்றாக இருக்கிறேன். தூக்கம் சில நாள் நன்றாக வரும், சில நாள் குறைவாக வரும், எல்லோருக்கும் வருகிற மாதிரி. கை நிலையாக இருக்கிறது. டாக்டரை மாதம் ஒரு முறை பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறேன். மம்மது வீட்டுப் பெருநாள் பிரியாணி எங்களுக்கும் வருகிறது. ஆண்டவர் எனக்காக அனுப்பிய ஆட்கள் இவர்கள். நான் எதிர்பார்த்த வாசல் வழியாக அவர்கள் வரவில்லை.

இதை வாசிக்கிற அன்பானவர்களே, உங்களில் யாராவது என்னைப்போல் மாட்டிக்கொண்டு இருந்தால், மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள். அது விசுவாசம் ஆகாது. விஷயம் தெரிந்த டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். எனக்குச் சொன்ன கணக்கு எனக்கு மட்டும்தான், உங்களுக்கு அவர் வேறு சொல்வார். அவர் சொல்கிறபடி செய்யுங்கள், ஒவ்வொரு நாளும் ஜெபியுங்கள். தாமதமாகிறதே என்று ஆண்டவரைச் சந்தேகப்படாதீர்கள். நான் சந்தேகப்பட்டேன், அவர் அதையும் பொறுத்துக்கொண்டார். தனியாகப் போக வெட்கமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கு வாருங்கள். கடைசி வரிசையில்தான் இருப்பேன். நானும் உங்களோடு வருகிறேன். உங்கள் முறை வரும்வரை டாக்டர் வாசலில் அந்தப் பெஞ்சில் சேர்ந்தே உட்கார்ந்திருப்போம்.