பரசூட் வீரரின் அங்கிக்கு மஞ்சள்

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினர் அணிந்த உருமறைப்பு உடுப்புகளைச் சேர்ப்பது என் பைத்தியம். பல வருடங்களாகத் தேடிய பரசூட் வீரரின் மேலங்கி ஒன்று போன கோடையில் லண்டனில், ஸ்ட்ரெதம் பழம்பொருள் சந்தையில் அகப்பட்டது. பச்சையும் பழுப்புமாகத் தூரிகையால் தீட்டிய துணி. தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் வீடு வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

மேசையில் வைத்துவிட்டுக் குளித்து வந்து பார்த்தால், கழுத்துப்பட்டியில் விரல் அகலத்துக்கு மஞ்சள்!

"புது உடுப்புக்கு மஞ்சள் வைக்க வேணுமெல்லே?" என்றாள் மனைவி.

"ஐயோ, இது எண்பது வருசப் பழசு!"

"எங்கட வீட்டுக்குப் புதுசுதானே."

பதற்றத்தில் பெரிய பிழையை நான்தான் செய்தேன். ஈரத்துணியில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் நொடியில் சிவந்துவிட்டது. அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நான் மஞ்சள்தான் வச்சன். நீங்கள் குங்குமமும் வச்சிட்டியள்!"

பிறகு அவளே வழியும் சொன்னாள்: "வெயில்ல வையுங்கோ, மஞ்சள் நிக்காது."

வெறும் தண்ணீரால் ஒற்றிச் சவர்க்காரத்தை எடுத்ததும் சிவப்பு மறுபடி மஞ்சளானது. மற்ற இடங்கள் வெளுக்காதபடி கறுப்புத் துணியால் மூடி, ஜன்னலோரம் வைத்து, லண்டன் வெயிலை நம்பி ஒன்பது நாள் காத்திருந்தேன். கறை போயே போய்விட்டது!

இப்போது எந்த அங்கி வாங்கினாலும், அதன் பையில் ஒரு புதுக் கைக்குட்டையை வைத்தே வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். அவள் வைக்கும் மஞ்சள் இனி அந்தக் கைக்குட்டைக்குத்தான், அங்கிக்கு இல்லை. முன்பெல்லாம் "இன்னுமொன்றா?" என்று முறைத்தவள், இப்போது மஞ்சளைக் குழைத்தபடி கேட்கிறாள்:

"அடுத்தது எப்ப வருது?"