உப்பு போர்த்திய கூரை

திண்டிவனத்தில் பஸ் மாறும்போதே புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. மரக்காணம் அங்கிருந்து கிழக்கே இருபது மைல். உப்பளங்களைப் பார்த்து நாலு பக்கம் எழுதலாம் என்று மெட்ராஸிலிருந்து கிளம்பியவன் நான். வெள்ளை வெளேரென்ற பாத்திகள், அவற்றில் முகம் பார்க்கும் வானம் என்று வர்ணனையைக்கூட முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தேன். அதற்கு வேலையில்லாமல் செய்துவிட்டார் கண்டக்டர்.

முந்தின நாள் மத்தியானம் அங்கே காற்று அடித்ததாம். புயலா என்று கேட்டேன். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்:

"புயல்னா ஊரையே அடிக்கும் சார். இது ஒரு வூட்டத் தூக்கிச்சி, பக்கத்து வூட்டத் தொடல. கூம்பு மாதிரி சுத்திக்கினு வந்துச்சாம்."

மரக்காணத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது பஸ் நின்றுவிட்டது. சாலைக்குக் குறுக்கே ஒரு பனைமரம். கோடாரிகளோடு நாலு பேர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இறங்கி நடந்தேன்.

காற்று வந்த வழியை எனக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. கழுவெளி என்கிற உப்பங்கழியின் கரையில் கோரைப்புல் சுருண்டு படுத்திருந்தது. அங்கிருந்து உப்பளத்துக்குள் புகுந்து, பாத்தி வரப்புகளை உடைத்து, சேற்றையும் உப்பையும் ஒன்றாகக் கலக்கியிருக்கிறது. பிறகு உப்பளத்துக்காரர்களின் குடிசைகள். அப்புறம் சாலை, அந்தப் பனை. கடைசியில் சவுக்குத் தோப்பில் சில மரங்களை முறுக்கிப் போட்டுவிட்டு அடங்கிவிட்டது. அகலம் ஒரு தெருவுக்கு மேல் இராது. கூரை போன வீட்டுக்கு அடுத்த வீட்டில், கொடியில் காயப்போட்ட லுங்கி அப்படியே தொங்கியது.

கூரை போனவற்றில் ஒன்று லூர்தம்மாளின் வீடு. உப்பளத்தில் உப்பு சுமக்கிறவர். உட்காரச் சொல்லி ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டார். நாலு மண்சுவர், அதற்கு மேல் ஆகாயம். மூலையில் சுவருக்குச் சுவர் ஒரு புடவையைக் கட்டி, அதன் கீழே தலைப்பிரசவத்துக்கு வந்த மகளும் பிறந்து சில நாளே ஆன பிள்ளையும் படுத்திருந்தார்கள். ஆனால் வீட்டுக்குப் பின்னால், உப்பளத்து மேட்டில், குன்றாகக் குவித்திருந்த உப்பு அம்பாரம் ஒரு தென்னங்கீற்றும் கலையாமல் மூடிக் கிடந்தது. காற்று அதை மட்டும் விட்டுவிட்டதா என்று கேட்டேன்.

விடவில்லையாம். முதலில் பறந்ததே அம்பாரத்துக் கீற்றுதானாம். அத்தனையும் கழுவெளித் தண்ணீரில். காற்றுக்குப் பின்னாலேயே மேகம் கறுத்திருக்கிறது. மேகம் கறுத்தால், சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து ஓடி அம்பாரத்தை மூட வேண்டும் என்பது அந்த உப்பளத்து வழக்கம். உப்பு கரைந்தால் கூலியும் கரைந்தது. கூரை போன வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, தரையில் சிதறிக் கிடந்த தங்கள் வீட்டுக் கீற்றுகளைப் பொறுக்கி, போதாததற்கு மூங்கிலில் மிச்சம் தொங்கியவற்றையும் பிடுங்கி, முதலாளியின் உப்பைப் போர்த்திவிட்டார்கள். தங்கள் தலைக்கு, நிவாரணம் கொடுக்கிற தாலுகா அதிகாரி வந்து பார்த்து ஏதாவது வழி செய்வார், அதுவரை புடவை போதும் என்று நினைத்திருக்கிறார்கள். பைத்தியக்காரத்தனம் என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மூன்று மணி வாக்கில் ஜீப் வந்தது. அதிகாரி இறங்கவில்லை, கீழே சேறு. உட்கார்ந்தபடியே குடிசைகளைப் பார்த்தார், அம்பாரத்தைப் பார்த்தார்.

"வெட்டவெளியில இருக்கிற உப்பு மேல ஒரு கீத்து அசையல. உங்க வூட்டுக் கூரை மட்டும் பறந்துச்சா?"

லூர்தம்மாள் மேட்டுக்கு ஓடி, அம்பாரத்திலிருந்து ஒரு கீற்றை உருவி வந்து, ஜீப்புக்கு முன்னால் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் கன்னங்கரேலென்று புகை ஏறியிருந்தது.

"இது எங்க அடுப்புப் பொகைங்க. உப்புக்கு யாருங்க அடுப்பு மூட்டுவாங்க?"

அந்தக் கேள்விக்கு மனுஷன் தலைகுனிவார் என்று நான் நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"அப்போ கூரையப் பிரிச்சது நீங்கதான்னு நீயே ஒத்துக்கற. பிரிச்சதுக்கெல்லாம் நிவாரணம் கிடையாது" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. கோரையைப் பாரும், வரப்பைப் பாரும், பத்தடி நடந்து தோப்பைப் பாரும் என்று கத்தினேன். மெட்ராஸ்காரருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டுவிட்டு டிரைவரைக் கிளம்பச் சொன்னார். காற்று கூரையைத் தூக்கவில்லை என்றவரின் ஜீப், காற்று சாய்த்த பனையைச் சுற்றிக்கொண்டுதான் போயிற்று. கண் இருந்தும் குருடு என்பது வேறு என்ன?

சரி, கீற்றையாவது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று மேட்டுக்குப் போனார்கள். முதலாளியின் கங்காணி வழிமறித்தான். அம்பாரத்தில் ஏறின கீற்று முதலாளியுடையதாம். லாரி வேறு வரப்போகிறதாம். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது என்பார்கள். இங்கே குழி பறித்தவர்கள் இரண்டு பேர். லூர்தம்மாள் கையிலிருந்த ஒற்றைக் கீற்றை மட்டும் விடவில்லை. அதைக் கொண்டுபோய், பிள்ளையின் தலைக்கு மேலே புடவை மீது சாய்த்து வைத்தார்.

என்னிடம் இருந்த மழைக்கோட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதை நான் தர்மம் என்று நினைத்துக்கொள்ள முடியவில்லை, வெட்கமாக இருந்தது. சாயங்காலம் திண்டிவனம் பஸ் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. எங்களுக்கு முன்னால் ஒரு உப்பு லாரி. மூட்டைகளுக்கு மேலே நெருக்கமாகக் கீற்று போர்த்தி, கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள். திருப்பத்தில் காற்று ஓரத்தைத் தூக்கியபோது அடிப்பக்கம் கறுப்பாகத் தெரிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வியாபாரி ஜன்னலைத் துடைத்துப் பார்த்து மெச்சிக்கொண்டார்.

"ஒரு பொட்டு நனையாம எப்படி மூடியிருக்கான் பாருங்க. ஜாக்கிரதையான ஆளு."

"அது பிள்ளை பெத்தவளோட கூரைங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.